யாருக்கும் தராத சிலிண்டர்

எனக்கு என் மனைவி மேல் பொறாமை. இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பிலிப்பைன்ஸில் தாவின் என்கிற எங்கள் ஊர்க் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "நோங் பிஸ்டோவா? பொண்டாட்டிய யாராவது புகழ்ந்தா மூஞ்சி புளிச்ச தேங்காப்பால் மாதிரி ஆயிடுமே, அந்த ஆளா?" என்பார்கள். ஆமாம், ஊரே 'நோங்', அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற அந்த ஆள்தான்.

பதினெட்டு வருடமாக வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிறேன். கறுப்பு மணலில் கட்டைவிரல் நகமளவு மீன் ஒன்று கல்லைப் போல உட்கார்ந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஒரு காலத்தில் வேனிலிருந்து இறங்கும்போதே "பிஸ்டோ எங்கே?" என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள். இப்போது இறங்குகிறவர்கள், "மின்யா எங்கே?" என்கிறார்கள். மின்யா என்பது எர்மினியா, என் மனைவி. ஒரு நாள்கூடத் தண்ணீருக்குள் தலையை முக்காதவள். நான் வேலை பார்க்கும் முக்குளிப்புக் கடைக்குப் பின்னால், மூச்சுக்காற்று அடைத்த சிலிண்டர்கள் வைக்கும் அறையில் கிடப்பவள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவளுடைய அப்பா டூமகெட்டி நகரத்துக்குப் போகும் சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஏழாம் வருடம், நான்தான் அவளை எங்கள் கடைக்குக் கூட்டிவந்தேன். குளிர் தாங்கும் ரப்பர் உடைகளை அலசிக் காயப்போடுகிற வேலை. என் வாயால் சிபாரிசு செய்து நானே வாங்கிக்கொடுத்த வேலை! வந்த மூன்றாம் வாரம், கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவள் கடை முதலாளி சாரிட்டோ மேடத்தைப் பார்த்து, "மேடம், உள்ள ஒரு சிலிண்டர் ஒழுகுது," என்றாள்.

"நீ எங்க பாத்த?"

"பாக்கல மேடம். கேக்குது."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தால் ஏழாம் நம்பர் சிலிண்டரின் வால்வைச் சுற்றிக் கடுகு கடுகாகக் குமிழி. அடுத்த மாதம் அறைச் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. பதினோரு வருடமாகத் தொங்குகிறது.

அவள் சிலிண்டர் பொறுக்குவதைப் பார்க்கவேண்டும். வந்தவரை முதலில் மேலிருந்து கீழாக ஒரு பார்வை. நெஞ்சு அகலம், இடுப்பு, பேசும்போது மூச்சு எங்கே நிற்கிறது, எல்லாம் கணக்கு. மெலிந்த பெண்ணுக்குச் சின்ன சிலிண்டர். பயந்தவனுக்குப் பெரியது, அவன் பயத்திலேயே பாதிக் காற்றைக் குடித்துவிடுவான். அலுமினிய சிலிண்டர் காற்றுக் குறையக் குறைய மேலே இழுக்கும், அதனால் இடுப்பில் ஒரு ஈயக்கட்டி கூட. இரும்பு சிலிண்டர் கடைசிவரை கனமாகவே இருக்கும், அதை முதுகுவலிக்காரருக்குத் தரமாட்டாள். அப்புறம் அவரவர் கொண்டுவந்த ரெகுலேட்டரை, சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றுக் கொண்டுவரும் குழாய்ச் சாமானை, வாங்கிப் புரட்டிப் பார்ப்பாள். வால்வின் மேல் கவ்விப் பிடிக்கிற வகையா, உள்ளே திருகி மாட்டுகிற வகையா என்று பார்த்து, அதற்கேற்ற வால்வுள்ள சிலிண்டரில் கலர் டேப் ஒட்டுவாள். கடைசியில் வால்வை ஒரு நூல் திறந்து மோந்து பார்ப்பாள். "வாசனையே இல்லன்னா நல்ல வாசனை," என்பாள். அதைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் காட்டுகிற மீனுக்குக்கூட அப்படிப் பிளந்ததில்லை.

இந்தக் கண்ணராவி போதாதென்று குரோகி ஒருவர். ஜப்பான்காரர், அறுபது வயதிருக்கும். வருடா வருடம் பிப்ரவரியில் வருவார், வரும்போதெல்லாம் மின்யாவுக்குப் பரிசு. மற்ற ஆண்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். இந்த ஆள் ஒரு டப்பா நிறைய வால்வுக்குப் போடுகிற ரப்பர் வளையம் கொண்டுவந்தார். அவள் அதை மடியில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்கள் கல்யாண மோதிரத்தை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இதற்கெல்லாம் மேலே, மூலையில் ஒரு சிலிண்டர். சின்னது, அலுமினியம், நம்பர் இல்லாதது. கோதுமை மாவு மூட்டையைப் பிரித்துத் தைத்த உறை போட்டு வைத்திருப்பாள். கவ்வுகிற ரெகுலேட்டருக்கும் திருகுகிற ரெகுலேட்டருக்கும் ஆகும் நல்ல வால்வு அதில் பூட்டியிருந்தது. மூன்று வருடமாக அதை யாருக்கும் தந்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உள்ளே சின்ன பல்பை விட்டுப் பார்ப்பாள், துடைப்பாள், மூடுவாள். யாருக்கு என்று கேட்டால், "ஒரு ஆளுக்கு," என்பாள். யார் அந்த ஆள் என்று கேட்க என் ரோஷம் விடவில்லை. எனக்குத் தெரியாதா? ரப்பர் வளையக்காரன்தான்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியிலிருந்து ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். ஐந்து பேரிடமும் திருகி மாட்டும் ரெகுலேட்டர். எங்களிடம் அதற்கு ஆகும் வால்வு வைத்த பெரிய சிலிண்டர் நான்குதான். ஐந்தாவது ஆள் டெட்லெஃப், அலமாரி மாதிரி உடம்பு. மேடம் என்னைக் கேட்டாளா? நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன், தூண் மாதிரி. என்னைத் தாண்டி, "மின்யா, என்ன பண்ணலாம்?" என்றாள்.

"இடையில போடற கவ்வி ஒண்ணு டப்பாவுல இருக்கு மேடம். அதப் போட்டா எந்த வால்வுலயும் உக்காரும்," என்றாள் மின்யா.

டெட்லெஃப் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நடுவில் இன்னொரு சாமான் வந்தால் அவருக்கு நம்பிக்கை இல்லையாம்.

"அந்த மூலையில இருக்கறதுல அந்த வால்வு இருக்கே?" என்றாள் மேடம்.

"அது வேணாம் மேடம். அது வேற ஆளுக்கு. புதன்கிழம வேணும். நாளைக்கு சர்ச்சுல பூச முடிஞ்சதும் பக்கத்துக் கடையில ஒண்ணு இரவல் வாங்கிட்டு வரேன்."

புதன்கிழமை! குரோகி வரும் நாளும் புதன்கிழமை. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது.

மறுநாள் காலை அவள் சாவியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் பூசைக்குப் போனதும், அதை எடுத்து அறையைத் திறந்தேன். அவளால் தீர்க்கமுடியாததை அவள் திரும்பி வருவதற்குள் நான் தீர்த்துவைக்கவேண்டும், மேடம் என்னைப் பார்த்துக் கைதட்டவேண்டும். மனதில் இருந்தது அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நம்பர் பெரிய சிலிண்டர் வால்வு கெட்டு வாயடைத்து நின்றிருந்தது. மூலையில் இருந்த செல்லப்பிள்ளையின் உறையை உருவி, காற்றை முழுவதும் இறக்கி, அந்த நல்ல வால்வைக் கழற்றிப் பத்தொன்பதில் பூட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சரி, சின்னதின் வாய் திறந்து கிடந்தால் உறையைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிடுவாளே? மேசைக்கடியில் ஒரு பெட்டி இருந்தது. இழுத்து மூடப்பட்ட ஒரு கடையின் வாட்ச்மேன் எனக்குக் கொடுத்த, கவ்வுகிற ரெகுலேட்டருக்கு ஆகும் பழைய வால்வுகள். நான் கொண்டுவந்த அன்றே மின்யா பெட்டியைக் கம்பி போட்டுக் கட்டி, "நான் பாக்கறவரைக்கும் இதுல கை வைக்காத," என்று சொல்லியிருந்தாள். எனக்கே உத்தரவு! கம்பியை அறுத்தேன்.

அதில் ஒன்றை எடுத்துத் திருகினேன். போயிற்று, ஆனால் கொஞ்சம் ஆடியது. எங்கள் ஊரில் ஆடுகிற எதற்கும் ஒரே வைத்தியம்தான், குழாய்க்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டேப். குழாய் ஆடினால் டேப், நாற்காலிக் கால் ஆடினால் டேப், பைக் கண்ணாடி ஆடினால் டேப். என் மாமாவுக்குப் பல் ஆடியபோதுகூட ஒருவன் டேப்பை நீட்டினான். ஒன்பது சுற்றுச் சுற்றித் திருகினேன். ஆட்டம் நின்றது. ஸ்பேனர் போட்டு இறுக்கி, உறையை மாட்டி, மூலையில் வைத்தேன்.

மேடம் பார்த்துவிட்டு, "அட பிஸ்டோ! உனக்கும் தொழில் தெரியுதே!" என்றாள். அந்த 'உனக்கும்' நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. ஆனாலும் பாராட்டு பாராட்டுதான். டெட்லெஃப் என் தோளில் தட்டியதில் நான் இரண்டடி முன்னால் போனேன்.

பூசையிலிருந்து வந்த மின்யா பத்தொன்பதைப் பார்த்து நின்றாள்.

"இதுக்கு வால்வு எங்கேருந்து வந்துச்சு?"

"பக்கத்துக் கடையில வாங்கினேன். நீ மட்டும்தான் வாங்கணுமா?"

வால்வின் கைப்பிடியை விரலால் ஒருமுறை தடவினாள். "ம்," என்றாள். சிலிண்டரை நிரப்பினாள்.

திங்கட்கிழமை காலை, பூண்டுச் சோறும் முட்டையும் தட்டில் வைத்துவிட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்தாள். எப்போதும் அப்படி உட்கார மாட்டாள்.

"இன்னைக்கு மத்தியானம் அந்தச் சின்ன சிலிண்டர நிரப்பணும், தோங்," என்றாள். வீட்டில் நான் அவளுக்குத் தோங், அவள் எனக்கு இந்தாய். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நிரப்பேன். எனக்கென்ன?" என்றேன். குரோகி வருகிற சந்தோஷத்தைப் புருஷனிடமே சொல்கிறாளே, இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்றுதான் என் புத்தி போயிற்று. டேப் என் நினைவுக்கே வரவில்லை.

அன்று காலை இரண்டு முறை ஜெர்மானியரைக் கடலுக்குள் கூட்டிப்போய் வந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்தோம். தென்னையோலைப் பொட்டலத்தில் கட்டி வேகவைத்த சோறு, வினிகரில் வெந்த மீன். சிலிண்டர் அறைப் பக்கம் கைகழுவப் போன டெட்லெஃப் ஒரு வால்வை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். மேசைக்கடியில் கம்பி அறுந்து கிடந்த பெட்டியிலிருந்து எடுத்தது.

"இது எங்க ஊர்ச் சாமான்," என்றார். "இங்க எப்படி வந்துச்சு?"

"இனாமா வந்துச்சு. ஏன் கேக்கறீங்க?"

"உங்க சிலிண்டர்ல போட்டுடாதீங்க. இதோட மரை மில்லிமீட்டர் அளவு. உங்க அலுமினியத்துக்கெல்லாம் இன்ச் மரை. உள்ள போகும், பிடிச்ச மாதிரியே நடிக்கும். காத்து ஏற ஏற ஒரு கட்டத்துல துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பிடும். எங்க கிளப்புல ஒருத்தன் குனிஞ்சு நிரப்பிக்கிட்டு இருந்தான். தாடையே போச்சு."

சோற்றுப் பொட்டலம் என் கையில் அப்படியே நின்றது. அந்த நேரத்தில்தான் சிலிண்டர் அறையில் காற்றடைக்கும் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது.

மத்தியானம். சின்ன சிலிண்டர். அவள் எப்போதும் குனிந்துதான் நிரப்புவாள், காதை வால்வுக்குப் பக்கத்தில் வைத்து.

எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பெஞ்சு கவிழ்ந்தது, மீன் குழம்பு யார் மேலேயோ கொட்டியது. நாற்பது தப்படி இருக்கும் அந்த அறைக்கு, ஆனால் மணல் காலை வாங்கிற்று. "நிறுத்து! இந்தாய், நிறுத்து!" என்று கத்துகிறேன், கம்ப்ரசர் சத்தத்தில் அவளுக்கு எங்கே கேட்கும்? வாசலில் போய் நின்றால் அவள் முதுகு தெரிகிறது. குனிந்திருக்கிறாள். குழாய் எதிலோ மாட்டியிருக்கிறது. இடுப்பைப் பிடித்து அவளை அப்படியே தூக்கி வெளியே மணலில் போட்டுவிட்டு, உள்ளே ஓடி சுவிட்சை அடித்தேன். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம், ஜெர்மானியர் ஐந்து பேர், சமையல்காரி எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

"உனக்கென்ன மூளை பெரண்டு போச்சா?" என்றாள் மேடம்.

"நான்தான் மேடம்," என்றேன். "அந்தச் சின்னதுல தப்பான வால்வ நான்தான் மாட்டினேன். இவகிட்ட பொய் சொன்னேன். பெரிய ஆளாகணும்னு ஆச. இவ செத்திருப்பா, மேடம்."

சொல்லும்போது அழுகிறேன் என்பதே தெரியவில்லை, மூக்கு ஒழுகியபோதுதான் தெரிந்தது. மின்யா எழுந்து பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். உள்ளே வந்து கையை நீட்டிக் காட்டினாள். குழாய் மாட்டியிருந்தது நான்காம் நம்பரில். சின்ன சிலிண்டர் ஒரு சாக்கின் மேல் வாயைத் திறந்து படுத்திருந்தது. பக்கத்தில் நான் மாட்டிய வால்வு. அதற்குப் பக்கத்தில் ஒன்பது சுற்று டேப், அழகாகச் சுருட்டி வைத்திருந்தது.

"காலையில ஆறு மணிக்கே கழட்டிட்டேன்," என்றாள்.

"ஆறு மணிக்கா? அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ ஏன் சொல்லல? மூஞ்சிக்கு நேரா உக்காந்து, நிரப்பப்போறேன்னு சொன்னேன். 'நிரப்பேன், எனக்கென்ன'ன்னு சொன்ன." சுருட்டிய டேப்பை எடுத்து என் முன்னால் போட்டாள். "எம்மேல உனக்கு அவ்வளவு ஆத்திரமான்னு காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன், தோங்."

"சத்தியமா எனக்குத் தெரியாது! மரை வேறன்னு தெரியாது. இப்பத்தான், இந்த ஆள் சொன்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற டெட்லெஃபைப் பார்த்தாள், அவர் சட்டை நிறைய மீன் குழம்பு வழிவதைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மேடம் எல்லோரையும் சாப்பிட ஓட்டிக்கொண்டு போனாள். நாங்கள் இருவரும்தான் மிச்சம்.

மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அது. யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். என் பாழாய்ப்போன வாய் என்ன கேட்டது தெரியுமா?

"அது குரோகிக்குத்தானே?"

"என்னது?"

"அந்த சிலிண்டர். மூணு வருஷமா பொத்திப் பொத்தி வைக்கிறியே. புதன்கிழம குரோகிதானே வராரு?"

அவள் அலமாரியைத் திறந்து ஒரு ரெகுலேட்டரை எடுத்து என் மடியில் வைத்தாள். பழைய ரெகுலேட்டர், பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியது. வாயில் கடித்துக்கொள்ளும் ரப்பர் மட்டும் புதிது, குழந்தைகளுக்குப் போல மிகச் சின்னது.

"இந்த ரப்பர் போன வருஷம் குரோகி கொண்டாந்து குடுத்தது. எனக்கு வாய் சின்னது, இங்க கெடைக்கறது எதுவும் பொருந்தாதுன்னு நான்தான் கேட்டேன். அவரு, யாருக்கு, எவ்வளவு அளவுன்னு கேட்டாரு. நீ கேட்டியா?" என்றாள். "புதன்கிழம என்ன நாள்?"

புதன்கிழமை அவளுக்கு நாற்பது வயது முடிகிறது. பிறந்தநாள். கடவுளே!

"பதினோரு வருஷம், தோங். உலகத்துல இருக்கறவனுக்கெல்லாம் சிலிண்டர் பொறுக்கிக் குடுத்திருக்கேன். நீ உலகத்துல இருக்கறவனையெல்லாம் கீழ கூட்டிட்டுப் போயிருக்க. மேல வந்து அதப் பாத்தேன், இதப் பாத்தேன்னு நீ கத பேசும்போதெல்லாம் எனக்கு எப்படி எரியும் தெரியுமா? ஒரு நாளாவது, இந்தாய், நீயும் வரியான்னு கேட்டிருக்கியா? நீ கேப்ப கேப்பன்னு பாத்தேன். நாப்பதாயிடுச்சு. இனிமே நானே கேட்டுடலாம்னு இருந்தேன்."

அவளுக்கும் எரிந்திருக்கிறது. என் மேல்! ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு இத்தனை வருடம் எரிந்திருக்கிறது, எனக்கு என் புகை மட்டும்தான் கண்ணில் பட்டது.

"வரியா?" என்றேன்.

"மொதல்ல அந்தப் பெட்டியத் தூக்கிக் கொண்டுபோய் உருக்கறவன்கிட்ட போடு," என்றாள்.

புதன்கிழமை எங்கள் வீட்டில் நூடுல்ஸ். பிறந்தநாளுக்கு அதைச் சாப்பிட்டால் அந்த இழை மாதிரி ஆயுளும் நீளும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. குரோகியும் வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டார். அன்றிலிருந்து ஒரு வாரம், தினமும் சாயங்காலம் மார்பளவுத் தண்ணீரில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூச்சை அடக்காதே என்று நூறு தடவை கத்தினேன். அவளும் திரும்பக் கத்தினாள். கரையில் நின்று மேடம் விசிலடித்தாள்.

கீழே போகிற நாளும் வந்தது. டெட்லெஃபிடமிருந்து திரும்பிவந்த நல்ல வால்வை அவளே சின்ன சிலிண்டரில் பூட்டினாள், ரெகுலேட்டரையும் அவளே மாட்டினாள். எல்லாம் முடிந்ததும், "நீ தெற, தோங்," என்றாள். நான் வால்வைத் திறந்தேன். ஒரு சத்தமில்லை. நானே குனிந்து மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை.

ஆறு மீட்டர் ஆழத்தில் அவளுக்காகவே பார்த்துவைத்திருந்த மஞ்சள் மீனைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தாள், தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். ஆமை காட்டினேன். அதற்கும் அப்படித்தான். அந்தப் பக்கமாக வேறொரு வழிகாட்டி நான்கு பேரைக் கூட்டிப்போனான், எல்லோர் முதுகிலும் எங்கள் சிலிண்டர்கள். அப்படியே நின்று அவற்றையே பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தால் நழுவிப் பின்னால் போய்விடுகிறாள். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால்தான் இருக்கிறாள். பதினெட்டு வருடத் தொழில்காரன் முன்னால் போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன், இவளுக்கு அக்கறையே இல்லை. தண்ணீருக்குள்ளும் எனக்கு எரியத்தான் செய்தது.

மேலே வந்தோம். அவள் சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று மிச்சம், என் பெரிய சிலிண்டரில் கால்வாசிதான். கரையில் மேடமும் சமையல்காரியும் ஓடிவந்தார்கள்.

"என்ன பாத்த மின்யா? ஆமை பாத்தியா?"

முகமூடியைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கினாள். "பதினொண்ணாம் நம்பர்ல வால்வு ஓரமா பொடிப்பொடியாக் குமிழி வருது மேடம். மேல சோப்புத் தண்ணியில தெரியாது, கீழ போனாத்தான் தெரியுது. நாளைக்குக் கழட்டணும்."

எனக்குத் தாங்கவில்லை. "அவ்வளவுதானா? கூட்டிட்டுப் போனவன் ஒருத்தன் முன்னாடி போனானே, அவனப் பாத்தியா?"

"உன்ன எங்க பாத்தேன்? உன் வால்வத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்," என்றாள் மின்யா. "ஒண்ணும் ஒழுகல."